மங்கிடைப்: தட்டச்சு பழகுங்கள், கணக்கு தொடங்கும் முன் யோசியுங்கள்

சில மாதங்களுக்கு முன் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையைப் பழகலாம் என்று ஒரு பயிற்சித் தளத்துக்குப் போனேன். போன் நம்பர் கொடுத்தால்தான் முதல் பாடமே திறக்கும் என்றது, கொடுத்தேன், அந்த வாரமே கோச்சிங் சென்டர்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்துவிட்டது. அதனால் மங்கிடைப் (Monkeytype) என்ற தட்டச்சுப் பயிற்சித் தளத்தைத் திறந்ததும் இது என்னிடம் என்னவெல்லாம் கேட்கப்போகிறது என்றுதான் முதலில் பார்த்தேன்.

எதுவுமே கேட்கவில்லை. சொற்கள் வந்து நிற்கின்றன, அடிக்க வேண்டியதுதான். தமிழ்ச் சொற்பட்டியலும் இருக்கிறது. கணக்கு இல்லாவிட்டால் அமைப்புகள் உங்கள் பிரவுசரிலேயே இருக்கும், மதிப்பெண்கள் சேமிக்கப்படாது. குக்கீ பெட்டியில் தேவையில்லாதவற்றை மறுக்க முடிகிறது, விளம்பரத்தை அமைப்புகளுக்குள் போய் நிறுத்தியும் விடலாம்.

கணக்கு தொடங்கினால் கதை வேறு. மின்னஞ்சல், பயனர்பெயர், ஒவ்வொரு தட்டச்சுத் தேர்வின் விவரம், மொத்தம் எவ்வளவு நேரம் தட்டினீர்கள் என்பதெல்லாம் சேரும் என்று அவர்களுடைய தனியுரிமைக் கொள்கையே சொல்கிறது. இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவே நீங்கள் எடுக்கும் நேரம், ஒரு விசையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்பது, இவையெல்லாம் கையெழுத்து மாதிரி ஆளுக்கு ஆள் மாறும், இதை வைத்தே ஆளை அடையாளம் காணும் முறைகள் இருக்கின்றன. அந்த நேரக்கணக்கும் முடிவோடு சேர்ந்து சர்வருக்குப் போகிறது, யாராவது ஏமாற்றி அடிக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதற்காக. காரணம் நியாயமானதுதான். தளத்தை இயக்கும் மூலநிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்திருப்பதால் இதைத் தேடிப் பார்க்கவும் முடிகிறது, பல தளங்களில் அதற்கு வழியே இல்லை, அதனால்தான் எனக்கு இவர்கள் மேல் நம்பிக்கை வருகிறது. ஆனால் கொள்கைப் பக்கத்தில் "தேர்வு விவரம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இதைத் தனியாக, எளிய வார்த்தையில் எழுதியிருக்கலாம். நிரல் படிக்கத் தெரியாதவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

இன்னொன்று, கணக்கு தொடங்கினால் உங்கள் பெயரில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பக்கமும் வந்துவிடும், எனவே சொந்தப் பெயரை வைக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் கணக்கை நீங்களே அழிக்கலாம், யாருக்கும் மெயில் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை, அதற்கு முன் மதிப்பெண்களைக் கோப்பாக இறக்கியும் கொள்ளலாம்.

நான் கணக்கில்லாமலே தொடர்கிறேன். வேகத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன், அது போதும். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் பழகினாலும் அப்படியே பழகட்டும்.