அடுக்ககக் கழிவுநீருக்கு எஸ்.பி.ஆரா, எம்.பி.ஆரா?

பெங்களூரு சர்ஜாபூர் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தில் 140 வீடுகள். பழைய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி, அதைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, முடிவெடுத்த குழுவில் நானும் இருந்தேன். எஸ்.பி.ஆர். (ஒரே தொட்டியில் தவணை தவணையாகச் சுத்திகரிக்கும் முறை), எம்.பி.ஆர். (சவ்வு வழியாக வடிகட்டும் முறை) என்ற இரண்டில் நாங்கள் எஸ்.பி.ஆரைத் தேர்ந்தோம், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரண்டிலும் அழுக்கைத் தின்பவை நுண்ணுயிர்களே. எஸ்.பி.ஆரில் ஒரே தொட்டியில் கழிவுநீரை நிரப்பி, புளோயரால் காற்றூட்டி, பிறகு காற்றை நிறுத்தி, நுண்ணுயிர்கள் திரண்ட கசடு படிந்ததும், மேலே தெளிந்த நீரை வடித்தெடுக்கிறார்கள். எம்.பி.ஆர். கசடு படியக் காத்திருப்பதில்லை. ஒரு மைக்ரானுக்கும் சிறிய துளைகள் கொண்ட மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக நீரை உறிஞ்சிவிடுகிறது. நீரின் தெளிவிலும் இடச் சிக்கனத்திலும் எம்.பி.ஆரே மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எஸ்.பி.ஆர். நீரைக் கழிப்பறைக்குத் திருப்பிவிட மணல் வடிகட்டியும் கார்பன் வடிகட்டியும் தேவை.

எங்களைத் தயங்க வைத்தது பராமரிப்பு. மெம்பிரேனுக்குத் தலைமுடியும் எண்ணெயும் ஆகாது. தோசைக்கல்லைக் கழுவிய நீரும் குளியலறை முடியும் அங்குதான் வந்து சேர்கின்றன. படியும் அழுக்கை ஹைப்போகுளோரைட்டாலும், உப்பைச் சிட்ரிக் அமிலத்தாலும் முறை தவறாமல் கழுவ வேண்டும். லாரியில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் எங்கள் பகுதியில் உப்புப் படிவதற்குக் கேட்கவே வேண்டாம். நன்றாகக் கவனித்தாலும் சில ஆண்டுகளில் மெம்பிரேனையே மாற்ற வேண்டிவரும். அந்தப் பெருஞ்செலவு வரும்போது, வாங்கிய குழு பதவியில் இருக்காது.

இதைவிட முக்கியமானது, நிலையம் பழுதாகும் விதம். மெம்பிரேன் அடைத்துக்கொண்டால் வெளியேறும் நீரின் அளவே குறைகிறது, உள்ளே வரும் கழிவுநீரோ நிற்பதில்லை. அருகிலுள்ள ஓர் அடுக்ககத்தில் இப்படி நேர்ந்தபோது, இரவோடு இரவாகக் கழிவுநீரை ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயில் திறந்துவிட்டார்கள். அது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் தடம். அணையில் நுரை பொங்கிய செய்தி வரும்போதெல்லாம் எங்கள் கிருஷ்ணகிரி ஆபரேட்டர் முகம் சுளிப்பார். அவர் ஊர் வயலுக்கு அந்த ஆற்று நீர்தான்.

எஸ்.பி.ஆரும் கெடும், ஆனால் சொல்லிவிட்டுக் கெடும். தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் எடுத்து 30 நிமிடம் வைத்தால், கசடு படியும் விதத்திலேயே அதன் உடல்நலம் தெரிந்துவிடும். கசடு பெருகினால் கூடுதலை வெளியேற்றலாம், சோர்ந்தால் காற்றைக் கூட்டலாம். யாரோ ஒரு வீட்டில் கழிப்பறை அமிலத்தை அளவின்றிக் கொட்டியதால் எங்கள் நுண்ணுயிர்கள் ஒருமுறை மடிந்தன. நன்றாக இயங்கும் இன்னொரு நிலையத்திலிருந்து கசடு கொண்டுவந்து ஊற்றி, சுமார் பத்து நாளில் மீட்டோம். கூடுதல் கசடை அவ்வப்போது அகற்றாமல் சோம்பினால் மட்டும் இந்த முறை மன்னிக்காது. பலரும் சறுக்குவது அங்கேதான்.

எங்கள் அனுபவம் மூன்று ஆண்டுகள்தான், அதுவும் ஒரே நிலையத்தில். அடித்தளத்தில் இடமே இல்லாத கட்டடத்துக்கோ, சொந்தப் பொறியாளரை வைத்திருக்கும் பெரிய வளாகத்துக்கோ என் கணக்கு மாறக்கூடும். அப்படி எம்.பி.ஆர். வாங்குபவர்கள், மெம்பிரேனை மாற்றும் செலவு யாருடையது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.