ஃப்ரீரெக்: இங்கிலாந்துக் கிராமத்துக் குடும்பங்களைத் தேட நல்ல தளம்

நம்ம வேலூரில் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 69-ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள், அதற்குத் தென் லிங்கன்ஷயர் என்று பெயர். பெயரை வைத்து எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள் என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் அந்த மாவட்டத்தில் கிரான்தம், லிங்கன் ஊர்கள் வழியாக ஓடும் விதம் (Witham) என்ற ஆற்றின் கரைக் கிராமங்களில் அப்போது யார் இருந்தார்கள் என்று பார்க்க ஆசை வந்தால் ஃப்ரீரெக் தளத்துக்குப் போங்கள். காசு கிடையாது, தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகள்.

1538-இல் எட்டாம் ஹென்றி ராஜா காலத்தில் அவருடைய அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவால்தான் சர்ச்சுகள் இதையெல்லாம் எழுத ஆரம்பித்தன. 1813-க்குப் பிறகு ஞானஸ்நானப் படிவத்தில் அப்பாவின் தொழிலும் வசிக்கும் ஊரும் சேர்ந்ததால் கூலிக்காரர், தச்சர், விவசாயி என்று ஒரு கிராமமே கண்முன் வருகிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம், அக்காலத்தில் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களையும் சேர்த்துத் தேடும் சவுண்டெக்ஸ் வசதியை டிக் செய்து தேடுங்கள். எல்லா ஊரும் இன்னும் ஏறவில்லை. இருப்பது படியெடுப்பு மட்டும், உறுதி செய்ய மூலப் பதிவேட்டைப் பார்க்கத்தான் வேண்டும்.