15 ஏக்கர் மனைப்பிரிவில் 105 சென்ட்: புல்வெளியா, கிளப் ஹவுஸா, தோப்பா?

கோவையை அடுத்த சூலூரிலிருந்து பல்லடம் செல்லும் வழியிலும், அன்னூர், கோவில்பாளையம் பக்கங்களிலும் தென்னந்தோப்பும் சோளக்காடுமாக இருந்த நிலங்கள் மனைகளாகப் பிரிக்கப்படும்போது, வாங்க வருபவர் சைட் பார்க்கும் திசையைக் கேட்கிறார், தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார், சாலை முப்பதடியா நாற்பதடியா என்று கேட்கிறார். பூங்காவைப் பற்றி மட்டும் விளம்பரத் தாளில் அச்சிட்ட படத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பூங்கா இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு இன்று இப்பகுதியில் மூன்று விதமான திட்டங்கள் முன்வைக்கப்படுகின்றன. அவற்றை ஒரே நிலத்தின் மீது வைத்து அளந்து பார்ப்பதே இந்த அலசல்.

நிலம் 15 ஏக்கர் என்று கொள்வோம்; அதாவது ஏறத்தாழ 60,700 சதுர மீட்டர். சாலைகளுக்கு முப்பது விழுக்காடு போனால் 42,500 சதுர மீட்டர் எஞ்சும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கிய பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும். கோவையில் ‘ரிசர்வ் சைட்’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். நம் கணக்கில் அது 4,250 சதுர மீட்டர், ஒரு ஏக்கர் ஐந்து சென்ட். நாலு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாக 240 மனைகள் அமைந்து, வீட்டுக்கு நான்கு பேர் குடியேறினால் தலைக்கு 4.4 சதுர மீட்டர் வருகிறது. மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகர்ப்புறத் திட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்கலாம் என்று சொல்கின்றன. சட்டப்படி கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு என்பதால், அந்த 105 சென்ட்டில் ஒரு சென்ட்டையும் அலங்காரத்துக்காக இழப்பது கட்டுப்படியாகாது.

முதல் திட்டம் பெரும்பாலான மனைப்பிரிவுகளில் கேட்காமலே வந்து சேர்வது. ரிசர்வ் சைட்டை மூன்று நான்கு துண்டுகளாக்கி, மனையாக விற்க இயலாத முக்கோண மூலைகளிலும் ஓடைக் கரையிலும் வைத்து, கொரியன் புல் பதித்து, நடுவே ஒரு நீரூற்றும் இரண்டு சிமெண்ட் இருக்கைகளும் ஓர் ஊஞ்சலும் அமைப்பது. இதை முழுவதும் தள்ளிவிட முடியாது. பூங்கா சிறிதானாலும் வீட்டுக்கு அருகில் இருந்தால் கைக்குழந்தையோடு தாயும், கோல் ஊன்றிய பாட்டியும் தாமாகவே போய் வர முடியும். 15 ஏக்கர் மனைப்பிரிவின் ஒரு மூலையில் பூங்கா இருந்தால், எதிர் மூலையிலிருந்து சாலை வழியே நடப்பதற்கு நானூறு மீட்டருக்கு மேல் ஆகும். சித்திரை வெயிலில் அது சிறு தூரமன்று.

இத்திட்டம் தோற்பது தண்ணீரில். கோடையில் புல்வெளி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீரைக் குடிக்கும். ஆயிரம் சதுர மீட்டருக்கு 5,000 லிட்டர். 105 சென்ட் முழுவதும் புல் என்றால் 21,000 லிட்டர், அதாவது நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு லாரித் தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இச்சமவெளியில் ஆண்டு மழையே 600, 700 மில்லிமீட்டர் அளவில்தான் கிடைக்கிறது; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. போர்வெல் ஆழம் ஆயிரம் அடியைத் தாண்டுவது வியப்பாக இல்லாத ஊர்களில் குடிக்கும் தண்ணீருக்கும் புல்லுக்கும் போட்டி வந்தால் எது காயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் குடியிருக்கும் மனைப்பிரிவில் பதித்த புல் இரண்டாம் கோடையைத் தாண்டவில்லை. நீரூற்றின் தொட்டியில் இப்போது யாரோ செம்மண்ணை நிரப்பிச் செம்பருத்தி வைத்திருக்கிறார்கள். அந்த நீரூற்றால் நடந்த ஒரே நற்பயன் அதுவே. சர்வேயர் அளந்தபோது வெட்டாமல் விட்ட ஒற்றை வேம்பின் அடியில்தான் மாலையில் எல்லாரும் உட்காருகிறோம்.

துண்டு துண்டான பூங்காவுக்கு இன்னொரு கேடும் உண்டு. நான்கு துண்டுகளுக்கு நான்கு வேலி, நான்கு குழாய் இணைப்பு, நான்கு இடத்தில் விளக்கு வேண்டும். கண்ணுக்கு மறைவான துண்டில் முதலில் கட்டட இடிபாடு குவிகிறது, பிறகு வண்டி நிற்கிறது, பிறகு கொட்டகை எழுகிறது. ரிசர்வ் சைட் ஆக்கிரமிப்பும் மாநகராட்சி அதை மீட்பதும் கோவையின் நாளிதழ் வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் இரண்டடி நகர்ந்தாலே பாதி போய்விடும் அளவில் துண்டுகளை வரைவது அதற்கு வழி விடுவதாகும்.

இரண்டாம் திட்டம் கிளப் ஹவுஸ்: நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், உள்ளரங்கில் ஷட்டில் கோர்ட், மாடியில் விழாக்கூடம், வெளியே செயற்கைப் புல் டர்ஃப். விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் வருவது இதுவே. இதை ரிசர்வ் சைட்டில் கட்ட முடியாது. தானமாக எழுதிக் கொடுத்த இடம் பொதுவிடம். பக்கத்து ஊர்ப் பையனும் அங்கே வந்து விளையாடலாம், அவனைத் தடுக்கக் கேட் போடும் உரிமை குடியிருப்போர் சங்கத்துக்குக் கிடையாது. ஆகவே கிளப் ஹவுஸ் என்பது 105 சென்ட்டுக்கு வெளியே, மனைகளாக விற்றிருக்கக்கூடிய நிலத்தில் எழுவது. அதன் விலை ஒவ்வொரு மனையின் விலையிலும் ஏறியிருக்கிறது. ‘பத்து விழுக்காடு பூங்கா, கூடவே கிளப் ஹவுஸ்’ என்று சேர்த்துச் சொல்லும்போது முன்னது சட்டத்தின் கட்டாயம், பின்னது நாம் கொடுக்கும் பணம் என்பதை வாங்குபவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீச்சல் குளத்தைத் தண்ணீரை விழுங்கும் ஆடம்பரம் என்று எடுத்த எடுப்பில் ஒதுக்குவது இங்கு வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தை நிரப்ப மூன்று லட்சம் லிட்டர் வேண்டும்; ஆனால் அது ஒரு முறைக்கான செலவு. நாள்தோறும் ஆவியாவது 1,500 லிட்டர் அளவே. வடிகட்டியைக் கழுவும் நீரைச் சேர்த்தாலும், ஒரு ஏக்கர் புல்வெளி குடிக்கும் நீரில் ஒரு சிறு பங்குதான். குளத்தை வீழ்த்துவது தண்ணீரன்று, ஆள் செலவு: மருந்து பார்த்துப் போட ஒருவர், பிள்ளைகள் இறங்கும் நேரத்தில் கரையில் நிற்க நீச்சல் தெரிந்த ஒருவர், மோட்டார் பழுதுக்கு ஒரு நிதி. 240 மனைகளில் முதல் ஐந்தாண்டுகளில் வீடு கட்டிக் குடியேறுபவர் பாதியளவு இருந்தாலே பெரிது. முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவர்கள் திருப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு மாதப் பராமரிப்புத் தொகையைத் தரமாட்டார்கள். அந்தச் சுமை முழுவதும் குடியேறிய சிலரின் தலையில் விழும்போது குளம் முதலில் பச்சையாகிறது, பிறகு வற்றுகிறது.

டர்ஃப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. செயற்கைப் புல்லும் அதில் தூவும் ரப்பர்த் துகளும் நேர் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறக் கூடியவை. எனவே அதில் ஆட்டம் இரவில்தான், மின் விளக்கில், பக்கத்து வீடுகள் உறங்க வேண்டிய நேரத்தில். எட்டுப் பத்து ஆண்டுகளில் தேய்ந்து, மாற்ற வேண்டியதும் ஆகும். உள்ளரங்க ஷட்டில் கோர்ட்டின் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் இறகுப்பந்து எம்மாத்திரம்? ஆண்டில் மூன்று மாதம் திறந்தவெளி கோர்ட் பயனற்றுப் போகும் இந்த வட்டாரத்தில் உள்ளரங்கம் உண்மையான தேவை. மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்ட பிறகு ஒதுங்கி நிற்கும் பெண்பிள்ளைகளுக்கும், மாலை ஏழு மணிக்கு மேல் நேரம் கிடைக்கும் பெண்களுக்கும் கூரையுள்ள, விளக்குள்ள ஓர் இடம் கிடைப்பது இத்திட்டத்தில் மட்டுமே. கிளப் ஹவுஸிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

மூன்றாம் திட்டத்தைத் தோப்பு என்று சொல்லலாம். 105 சென்ட்டையும் சிதறாமல் ஒரே துண்டாக, முடிந்தவரை மனைப்பிரிவின் நடுவே வைப்பது. அதில் ஒரு மண் மைதானம், அதைச் சுற்றி மரங்கள், மரங்களுக்கிடையே நடைபாதை, தாழ்ந்த பக்கத்தில் ஒரு குட்டை. 85 மீட்டருக்கு 50 மீட்டர் என்று நிலம் அமைந்தால் நடைபாதையின் ஒரு சுற்று ஏறத்தாழ 270 மீட்டர். நான்கு சுற்றில் ஒரு கிலோமீட்டர் தாண்டும். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையின் இரண்டரை கிலோமீட்டர்ச் சுற்றோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் ரேஸ்கோர்ஸில் நடக்க வைப்பது நீளம் மட்டுமன்று, அதன் மரங்களும்தான். நடுவே 45-க்கு 30 மீட்டர் மைதானம் விட்டால் கைப்பந்துக்கான 18-க்கு 9 மீட்டர் களமும், சுற்றிலும் ஓட இடமும், பக்கத்தில் கபடிக்கு 13-க்கு 10 மீட்டரும் அடங்கும். களங்களின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் ஒரு கட்சிக்காரர்கள் வெயிலைப் பார்த்தே ஆட நேரும். கரிசல் கலந்த நிலமாக இருந்தால் கான்கிரீட் தளம் போடும் ஆசையை விட்டுவிடலாம்: மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும் அந்த மண், ஆழமாக எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பாத எந்தத் தளத்தையும் இரண்டே ஆண்டுகளில் வெடிக்க வைத்துவிடும்.

புல்லுக்குப் பதில் என்ன என்பதற்கு விடை காங்கயம் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் இருக்கிறது. கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்களை இடைவெளி விட்டு வளர்த்து, கீழே கொழுக்கட்டைப் புல்லை மழைத் தண்ணீரிலேயே நிற்க வைத்துக் காங்கயம் மாடுகளை மேய்த்த அந்த முறைக்குக் குழாயும் தெளிப்பானும் தேவைப்பட்டதில்லை. அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்துவிட முடியாது. கிளுவைக்கும் வெள்வேலத்துக்கும் முள் உண்டு, பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடும் இடம் இது. கிளுவையை வெளி எல்லைக்கு மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புங்கனும் வேம்பும் நடலாம். குட்டைக் கரைக்கு மருது ஏற்றது. புங்கன் கோடைத் தொடக்கத்தில் இலையுதிர்த்து விரைவிலேயே தளிர்த்து, வெயில் உச்சத்துக்கு வரும்போது அடர்ந்த நிழல் தரும். வாகையை ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். நிழல் தேவைப்படும் மாதங்களில் சில வாரம் மொட்டையாக நிற்கும். குல்மொகர் ஆடிக்காற்றில் கிளை முறியும். ஏற்கெனவே நிற்கும் தென்னைகளை விளம்பரப் படத்துக்காக அப்படியே விட்டுவிடுவார்கள். ஊஞ்சலுக்கு மேலே தென்னை நிற்பது பூங்காவாகாது; மட்டையும் காயும் விழும் தூரத்துக்கு அப்பால்தான் பிள்ளைகளின் இடம் இருக்க வேண்டும்.

குட்டையைப் பற்றித்தான் குடியிருப்போர் அஞ்சுகிறார்கள்: கொசு வரும், குழந்தை விழும் என்பார்கள். சரிவான கரையும் இடுப்பளவு வேலியும் கட்டாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 18,200 சதுர மீட்டர் சாலையின் மீது ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏழு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஓடும். அது எங்கே போவது என்று மனைப்பிரிவை வரைந்தவர் கேட்டுக்கொள்ளாவிட்டால், தாழ்ந்த பக்கத்து வீட்டுக்காரர் முதல் மழையில் கேட்பார். சராசரி 1.2 மீட்டர் ஆழத்தில் 500 சதுர மீட்டர்க் குட்டை இருந்தால் அதில் ஆறு லட்சம் லிட்டர் தங்கி மண்ணில் இறங்கும். அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டு 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே பகுதியில், புதிய மனைப்பிரிவுக்காகப் பழைய குட்டையைத் தூர்ப்பது எனக்கு விளங்காத கணக்கு.

தோப்பின் குறை காலம். நட்ட மரம் உட்கார நிழல் தர ஐந்து ஆண்டுகளாவது ஆகும். அதுவரை இரண்டு கோடைகளுக்கு ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடு மாடு கடிக்காமல் கூண்டு போட வேண்டும். மனை விற்கும் நாளில் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. இதனால்தான் விற்பவர்கள் இத்திட்டத்தை விரும்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வாங்குபவர் கேட்பதைத்தான் அவர்கள் வரைகிறார்கள்.

உரிமையைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே நிலையில் இல்லை. பூங்காவாக ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததைப் பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1991-இல் செல்லாது என்றது. தானப்பத்திரம் பதிவான ரிசர்வ் சைட்டுக்கு அந்தப் பாதுகாப்பு நிற்கும். கிளப் ஹவுஸ் நிலத்துக்குக் காவல் 2016-ஆம் ஆண்டின் ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்: மனை வாங்கியவர்களில் மூன்றில் இரு பங்கினர் எழுத்தில் இசையாமல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மாற்ற முடியாது. ஆனால் அது வரைபடத்தில் இருந்தால்தான். விளம்பரத் தாளில் மட்டும் இருந்து, ஒப்புதல் வரைபடத்தில் ‘எதிர்கால மேம்பாடு’ என்று குறித்திருந்தால் இந்தக் காவல் கிடைக்காது.

என் தேர்வு தோப்பு. அதோடு தொலைவான ஒரு மூலையில் பாட்டிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் எட்டுப் பத்து சென்ட்டில் ஒரே ஒரு சிறு துண்டு, மரமும் மணலும் இரண்டு பெஞ்சும் மட்டும். கிளப் ஹவுஸுக்கு நிலம் ஒதுக்கியே தீர்வது என்றால் முதலில் ஷட்டில் அரங்கும் கழிவறையும் கட்டட்டும். குளத்துக்கு இடத்தை விட்டுவைத்து, நூறு குடும்பம் வந்த பிறகு சங்கம் கூடி முடிவு செய்யட்டும்.

இவை எல்லாம் வரைபடம் ஒப்புதலுக்குப் போகும் முன்பே பேசவேண்டியவை. தோட்டத்தின் பழைய கிணறு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அது ஒரு மனைக்குள் விழுந்தால் லாரி லாரியாக மண் கொட்டி மூடிவிடுவார்கள். பூங்காவின் எல்லையை இருபது மீட்டர் நகர்த்தி வரைந்தால் அதே கிணறு, கைப்பிடிச் சுவரும் இரும்பு மூடியும் பெற்று, குட்டையில் வண்டல் தங்கித் தெளிந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு, நட்ட புங்கன்களுக்கு முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் கொடுக்கும்.