அப்பாவின் கோப்புகளை ஸ்கேன் செய்த இரண்டு நாட்கள்

இம்முறை ஊருக்குச் சென்றபோது நான் முடித்தே தீர வேண்டும் என்று எண்ணியிருந்த வேலை ஒன்றுதான்: அப்பா விட்டுச்சென்ற காகிதங்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து எடுத்துவருவது. நிலப் பத்திரங்கள், பணிப் பதிவு நகல்கள், வங்கிக் கடிதங்கள், மருத்துவ அறிக்கைகள் என நாற்பது ஆண்டுகளில் சேர்ந்தவை ஆறு கோப்புகளில் 1,140 தாள்களாக இருந்தன. வெளிநாட்டில் என் மேசையிலுள்ள சிறிய ஸ்கேனரில் ஒவ்வொரு தாளாகக் கவிழ்த்து வைத்து எடுப்பதற்கு விடுமுறை முழுவதும் போதாது என்பதால், அன்றாடம் கட்டுக்கட்டாகத் தாள்களைக் கையாளும் ஓர் அலுவலகத்தை நாடினேன். வேலை நடக்கும்போது அருகில் இருக்கவும் அனுமதித்தார்கள்.

அங்கிருந்த பெரிய ஸ்கேனர் நிமிடத்துக்கு 80 தாள்களை இழுத்து, இருபுறமும் ஒரே ஓட்டத்தில் படம் எடுக்கக்கூடியது. அந்தக் கணக்கில் என் வேலை கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். முடிய இரண்டு நாட்கள் ஆயின. அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி நியாயமானது என்பதை அருகில் இருந்து பார்த்த பின்பே புரிந்துகொண்டேன்.

ஸ்கேனரை இயக்கிய பெண்மணி முதல் நாள் காலை முழுவதும் அதைத் தொடவே இல்லை. ஸ்டேப்பிள் பின்களையும் குண்டூசிகளையும் ஒவ்வொன்றாக அகற்றினார். மடிந்த மூலைகளை நீவினார். பழைய ஒட்டுநாடாவின் பிசுபிசுப்பு இருந்த தாள்களைத் தனியே வைத்தார். “ஒரு பின் உள்ளே போனால் கண்ணாடியில் கீறல் விழும் ஐயா, அதற்குப் பிறகு வரும் எல்லாப் பக்கத்திலும் கோடு இருக்கும்” என்றார். தாள் நகர, படம்பிடிக்கும் பகுதி அசையாமல் நிற்பதால்தான், கண்ணாடியில் ஒட்டும் சிறு தூசியும் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரு நெடுங்கோடாக விழுகிறது. பிற்பகலில் அப்படி ஒரு மெல்லிய கோடு திரையில் தோன்றியதும், வரிசையில் நான்கு பேர் காத்திருந்தபோதும், அவர் இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, நார் உதிராத துணியால் கண்ணாடியையும் உருளைகளையும் துடைத்த பிறகே மீண்டும் தொடங்கினார். அந்தப் பொறுமைக்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

தாள்களைத் தட்டில் வைக்கும் முன் அவற்றை விசிறிபோல் விரித்து உதறி, விளிம்புகளை மேசையில் தட்டிச் சமன் செய்வதும் அவசியமான வேலையே. ஓர் உருளை மேல்தாளை இழுக்கும்போது, மற்றோர் உருளை அடுத்த தாளைப் பின்னுக்குத் தடுத்து நிறுத்துகிறது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அதைக் கண்டுபிடிக்க, காதுக்குக் கேட்காத மீயொலி தாளின் ஊடாகச் செலுத்தப்படுகிறது. இரண்டு தாள்களுக்கு நடுவே காற்று இருந்தால் ஒலி வெகுவாகக் குறைந்துவிடும். உடனே இயந்திரம் நின்றுவிடும். ஆனால் புகைப்படம் ஒட்டிய விண்ணப்பத்தையும் அது இரட்டைத் தாள் என்றே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட தாள்கள் வந்தபோது அவர் இரட்டைத் தாளைக் கண்டறியும் அந்த உணரியை (சென்சாரை) அணைத்துவிட்டுத் தொடர்ந்தார். இதன் விளைவு மறுநாள்தான் தெரிந்தது.

முதல் நாள் மாலை, முடிந்த இரண்டு கோப்புகளை வீட்டில் திறந்து பார்த்தபோது மனம் உடைந்துபோனது. எல்லாம் கறுப்பு வெள்ளையில் இருந்தன. ஊதா முத்திரைகள் கையெழுத்தோடு கலந்து கறுப்புத் திட்டுகளாகியிருந்தன. அலுவலகத்தின் தரப்பில் காரணம் இல்லாமலில்லை: ஓர் ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக எடுத்தால் 2480-க்கு 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். சுருக்குவதற்கு முன் வண்ணத்தில் அது சுமார் 26 எம்பி. கறுப்பு வெள்ளையில் ஒரு எம்பியைச் சற்றே தாண்டும். அச்சிட்ட பட்டியல்களுக்குக் கறுப்பு வெள்ளை போதும். பழைய பத்திரங்களுக்குப் போதாது. வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பதே என் குறை.

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. வங்கிக் கடிதங்களின் பின்புறத்தில் அப்பா பென்சிலால் கணக்குப் போடுவது வழக்கம். அந்தப் பக்கங்கள் எவையும் இல்லை. வெற்றுப் பக்கங்களைத் தானாக நீக்கும் அமைப்பு, பக்கத்தில் கருமை எவ்வளவு என்பதை மட்டுமே அளக்கிறது. மங்கிய பென்சில் எழுத்து அதற்கு வெற்றுத்தாள்தான்.

மறுநாள் காலை சொன்னதும், மேலாளர் மறுப்பேதும் கூறாமல் அனைத்தையும் மீண்டும் எடுக்க ஒப்புக்கொண்டார். வண்ணம், 300 டிபிஐ, வெற்றுப் பக்க நீக்கம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒரே படமாக்கிக் கோப்பைச் சிறிதாக்கும் சுருக்கமுறையையும் எங்கும் பயன்படுத்த வேண்டாம் என்றேன். அந்த முறையால் 6 என்ற எண் 8 ஆக மாறிப் பதிவாவதை 2013-இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினி அறிஞர் வெளிப்படுத்தினார். நிலப் பத்திரத்தின் சர்வே எண்ணில் அப்படி நேர்ந்தால், பார்ப்பவருக்கு ஐயமே எழாது.

வெற்றுப் பக்க நீக்கத்தை அணைத்ததில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. தாள்களின் எண்ணிக்கையைப் போல் சரியாக இரு மடங்கு படங்கள் வந்தாக வேண்டும் என்பதால், விடுபட்டது உடனே தெரிந்துவிடும். நான்காம் கோப்பில் 193 தாள்கள். வந்தவை 384 படங்கள். இரண்டு குறைந்தன. தேடியபோது, புகைப்படம் ஒட்டிய விண்ணப்பத்துக்காக அணைத்த உணரியை மீண்டும் இயக்க மறந்திருந்தது தெரிந்தது. அடுத்து வந்த மெல்லிய கடிதங்கள் இரண்டு சேர்ந்தே போயிருந்தன. ஸ்கேனரை இயக்கிய பெண்மணியின் முகம் வாடியது. தொலைபேசி ஒருபுறம், வரிசை மறுபுறம் என்றிருக்கும் இடத்தில் இது யாருக்கும் நேரக்கூடியதே. எண்ணிப் பார்க்கும் வழக்கம் அங்கு இல்லாததையே நான் குறையாகச் சொன்னேன். அதன் பின் ஒவ்வொரு கட்டின் மேலும் அவர் தாள் எண்ணிக்கையை எழுதி வைத்தார்.

பட்டுப்போல் நொய்ந்த கார்பன் நகல்களை உருளைகளுக்குள் விட அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்திலிருந்த தட்டைக் கண்ணாடி ஸ்கேனரில், மறுபுற எழுத்து ஊடுருவித் தெரியாதிருக்க ஒரு கறுப்பு அட்டையை மேலே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார்.

ஆறாம் கோப்பின் எண்ணிக்கையும் சரியாக வந்தபோது மாலையாகிவிட்டது. மூலத்தாள்கள் பழைய வரிசை மாறாமல் என் கைக்கு வந்தன. இரவு, ஒரு வங்கிக் கடிதத்தின் பின்புறத்தைத் திரையில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், அது என் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா போட்ட கணக்கு என்றார்.