43 இன்ச் திரையும் அதன் முனகலும்

போன வாரம் கீழக்கரையிலிருந்து கூட்டாளி போன் போட்டான். "மாப்ள, 43 இன்ச் 4கே டிவி விலை இறங்கியிருக்கு. ஸ்டுடியோவுக்கு மானிட்டரா வாங்கிப் போடலாமா? நீதான் மூணு வருஷமா வச்சிருக்கியே." நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். பவர் போர்டு மாற்றிக் கொண்டுவந்து அன்றைக்கு மூன்றாவது நாள். அந்தக் கடுப்பில் அவனிடம் பொரிந்து தள்ளியதைக் கொஞ்சம் ஆறவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 43 இன்ச்சில் 4கே என்றால் ஓர் இன்ச்சுக்கு ஏறக்குறைய 102 புள்ளி. எழுத்தைப் பெரிதாக்காமல் 100 சதவீதத்திலேயே ஓட்டலாம். லினக்ஸில் 125, 150 என்று ஸ்கேலிங் வைத்து மல்லுக்கட்டியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒலியைத் திருத்தப் பயன்படும் பழைய பிளகின்கள் பல ஸ்கேலிங்கை மதிப்பதே இல்லை. 32 இன்ச் 4கே வாங்கியிருந்தால் அவற்றின் திருகுகளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருப்பேன். இதில் பாட்டுப் பதியும் மென்பொருளான ஆர்டோரின் எடிட்டர் மேலே, மிக்சர் கீழே, இரண்டும் ஒரே பார்வையில். 4கே படம் நொடிக்கு 60 தடவை (60 ஹெர்ட்ஸ்) மாற எச்.டி.எம்.ஐ 2.0 போதும். பாட்டுப் பதிய 120 எதற்கு? எழுத்து மசமசவென்று தெரிந்தால் டிவி மெனுவில் அந்த இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றுங்கள், தெளிந்துவிடும். திரை தூங்கி எழும்போதெல்லாம் சத்தம் டிவி ஸ்பீக்கருக்குத் தாவும், பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்பு நிரலில் எச்.டி.எம்.ஐ ஒலியை 'ஆஃப்' செய்தால் தீர்ந்தது.

தீராதது முனகல்.

வெளிச்சத்தைக் குறைத்தால் இந்தத் திரை மெலிதாகக் 'கீஈ' என்று பாடும். குறைந்த வெளிச்சத்துக்காக, திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள், அந்தத் துடிப்பில் போர்டில் இருக்கும் சுருள்கள் அதிர்கின்றன. பகலில் கச்சான் காற்று ஜன்னலை உலுக்கும்போது காதில் விழாது. காற்று அடங்கிய ராத்திரியில்தான் பதிவே நடக்கும். கண்டென்சர் மைக்குக்கோ பாம்புக்காது. கரண்ட் இரைச்சல் என்றால் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று இடம் தெரியும், வெட்டி எறியலாம். இது வெளிச்சத்தை மாற்றினால் சுருதியையும் மாற்றுகிறது.

100-இல் வைத்தால் முனகல் இல்லை. ஆனால் சின்ன அறையில் அது கலங்கரை விளக்கம். கடைசியில் வழி கண்டுபிடித்தேன். பேக்லைட்டை 100-இலேயே விட்டுவிட்டு, லினக்ஸில் திரையை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் பிரைட்னஸ் 0.5 கொடுத்து மென்பொருளிலேயே மங்கச் செய்வது. கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், போகட்டும். லினக்ஸின் புதிய திரை ஏற்பாடான வேலேண்டில் இந்தக் கட்டளை செல்லாது. இந்த முனகலுக்காகவே இன்னும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் வேறொன்று செய்திருந்தேன். கார்டியாய்ட் மைக் முதுகுப்பக்கம் அதிகம் கேட்காது என்பதால் அதன் முதுகைத் திரைக்குக் காட்டி நிறுத்தினேன். அப்படி நிறுத்தினால் பாடுகிறவர் திரையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைப் பதியப் பாம்பன் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். எழுபது தாண்டிய கண். பாடிக்கொண்டே திரையில் தன் குரல் மேடு மேடாக ஓடுவதைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார். "தம்பி, மேட்டுக்கு மேடு நடுவுல சும்மா கெடக்கு பாருங்க. அங்கதான் ஆளுக கயித்தை இழுப்பாங்க. நான் ஒண்டியாப் பாடுனா அந்த எடத்துக்கு யாரு?" மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருடமாக அந்த இடைவெளியை நான் மூச்சுவாங்கும் இடம் என்று எண்ணி வெட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தேன். பழைய 22 இன்ச்சில் அவருக்கு அது தெரிந்திருக்காது.

சரி, பழுதுக்கு வருவோம். உப்புக்காற்று. போர்டில் கெப்பாசிட்டர் கால்கள் பச்சை பூத்துவிட்டன. படுக்கவைத்தால் பேனல் போய்விடும் என்று லோடு ஆட்டோவில் நிமிர்த்திக் கட்டி, பாம்பன் பாலத்துக் காற்றில் நானும் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு ராமநாதபுரம் போனேன். மெக்கானிக் மூடியைக் கழற்றிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தீவுக்காரரா?" புது போர்டு போட்டார். முன்பு 60-க்குக் கீழேதான் முனகும். இப்போது 80-லேயே ஆரம்பித்துவிடுகிறது. காசு கொடுத்து முனகலை வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதனால் கூட்டாளியிடம் தீர்மானமாகச் சொன்னேன்: வாங்காதே. கடலோரத்தில் மைக் வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது ஆகாது.

"அப்ப உன்னோடத எனக்குப் பாதி வெலைக்குத் தந்துரு" என்றான்.

பெரியவர் வியாழக்கிழமை வருகிறார், அதற்கப்புறம் பேசுவோம் என்றேன். எந்த வியாழக்கிழமை என்று அவன் கேட்கவில்லை.