ஸ்நேகா உதவி எண்: அறிவுரை சொல்லாத குரல்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ஸ்நேகா, தற்கொலைத் தடுப்புக்காகவே மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய அமைப்பு. எண் 044-24640050. சேவைக்குக் கட்டணம் இல்லை, பெயர் சொல்லவும் தேவையில்லை.

எடுத்துப் பேசுபவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற தன்னார்வலர். மாத்திரை எழுதித் தருவார், வீட்டில் பேசிச் சமாதானம் செய்து வைப்பார் என்று நினைத்து அழைத்தால் ஏமாற்றம்தான். காது கொடுத்துக் கேட்பதுதான் இங்கே சேவை. அது எவ்வளவு பெரிய வேலை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

"அஞ்சு மாசமா வேலை இல்லைங்க" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். வீட்டில் என்ன சொல்வோம்? "கவலைப்படாதே, கிடைச்சிடும்." நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடும். "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?" என்பது இன்னும் மோசம். துக்கத்தின் மேல் குற்ற உணர்ச்சியையும் ஏற்றிவிடுகிறது. கேட்கப் பழகியவர் "அஞ்சு மாசமா... எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். மௌனம் நீண்டாலும் அவசரப்பட மாட்டார். "லைன்லதான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க" என்பதோடு சரி. வேலையில் ஆரம்பித்த பேச்சு கடனுக்கும், கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கத்தியதற்கும் வந்து சேர்வது அந்த இடைவெளியில்தான்.

அடுத்து, சுற்றி வளைக்காத கேள்வி: "செத்துடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. மூடி வைத்ததைப் பேச வழி கிடைத்ததே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் வருகிறது. "அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?" என்று கேட்பதுதான் தவறு. 'இல்லை' என்ற பதிலை அந்தக் கேள்வியே எடுத்துக் கொடுத்துவிடும்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தயங்கி அழைக்காதவர்களும் உண்டு. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115 தெளிவாக இருக்கிறது: தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், விசாரணையோ தண்டனையோ கூடாது.

மருத்துவ ஆலோசனையும் வேண்டுமென்றால் 14416 பொருத்தம். இது மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ், 2022 அக்டோபரில் வந்தது. தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார். மொழியைத் தேர்ந்தெடுக்க பட்டன் அழுத்த வேண்டியிருப்பது, கை நடுங்கும் நேரத்தில் கூடுதல் சுமை; கூட இருப்பவர் அழுத்திக் கொடுக்கலாம்.

ஸ்நேகாவின் லேண்ட்லைன் எண் பதற்றத்தில் ஞாபகம் வராது. இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள், மற்றவர் பார்த்தாலும் சங்கடம் வராத ஒரு பெயரில். யாராவது ஏற்கெனவே எதையாவது விழுங்கிவிட்டாலோ காயப்படுத்திக்கொண்டாலோ இந்த இரண்டு எண்ணும் அப்புறம், முதலில் 108.