1,450 டாலர் போச்சு: முன்னோரைத் தேடித் தருகிறேன் என்பவர்களிடம் ஜாக்கிரதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் என்னைப் போல வெள்ளைக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்துத் தப்பித்தால் சரி. 1,450 டாலர். ஒரு சென்ட்கூடத் திரும்பி வரவில்லை.

என் மாமியார் பென்சில்வேனியா ஜெர்மானியர், அதாவது பல தலைமுறைக்கு முன் அந்த மாநிலத்தில் வந்து குடியேறிய ஜெர்மானியர்களின் வம்சம். பிறந்த வீடு பெர்க்ஸ் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), குடும்பப் பெயர் ஸ்னைடர். கப்பலில் வந்த முதல் பாட்டனார் பிரிட்டிஷ் காலத்து மிலிஷியாவில், அதாவது உள்ளூர் ஆட்களே சேர்ந்த குடிமக்கள் படையில், துப்பாக்கி தூக்கியவர் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. அத்தையின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அதை ஆதாரத்தோடு கொடுக்கலாம் என்று நானும் கணவரும் நினைத்தோம். வம்சாவளி ஆராய்ச்சியாளர்களை அமர்த்தித் தரும் ஒரு இணையதளத்தில் ஆள் பிடித்தோம். பெயரைப் போட மாட்டேன், வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

வீடியோ காலில் வந்தவர் விஷயம் தெரிந்தவர் மாதிரியே பேசினார். 1727 முதல், பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்களில் 16 வயதைத் தாண்டியவர்கள் இங்கிலாந்து அரசருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் ஒரு குறி போடுவார், பெயரைக் குமாஸ்தா எழுதுவார். இதெல்லாம் உண்மைதான். அப்படி ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, “இந்தக் குறி உங்கள் பாட்டனார் போட்டது” என்றார். என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அவ்வளவுதான், விழுந்துவிட்டோம். பாதி இப்போது, பாதி பிறகு தரலாமா என்று கேட்டேன். “ஹாரிஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் நாளைக்கே ஆள் உட்கார வேண்டும்” என்றார். அன்று இரவே மொத்தம் 1,450 டாலரும் கட்டியாகிவிட்டது.

வந்தது தங்கக் கரை போட்ட ஒரு பிடிஎஃப். முதல் பக்கத்தில் சிங்கம் போட்ட குலச்சின்னம். உள்ளே: யோஹான் ஷ்னைடர் (ஸ்னைடர் என்பதன் ஜெர்மன் வடிவம்), 1738-இல் மனைவி, மூன்று குழந்தைகளோடு வந்தார், 1744-இல் பெர்க்ஸ் கவுன்ட்டி மிலிஷியாவில் சேர்ந்தார்.

உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் தன்னார்வலராக இருக்கும் ஒரு அம்மாவிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “1744-இல் பெர்க்ஸ் கவுன்ட்டி எங்கே இருந்தது?” அந்தக் கவுன்ட்டி உருவானதே 1752-இல்! மனைவி, குழந்தைகள் என்கிறாரே, காட்டிய கையெழுத்துப் பட்டியலில் ஆண்கள் மட்டும்தான். மிலிஷியா கதை இன்னும் மோசம். அன்று பென்சில்வேனியா சட்டசபை குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கையில் இருந்தது. ஆயுதமே கூடாது என்பவர்கள், மிலிஷியாவுக்குச் சட்டம் போடவில்லை. 1747-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் திரட்டியதுகூடத் தொண்டர் படைதான். 1755 இறுதியில் பூர்வகுடிகளின் தாக்குதல் பெர்க்ஸ் பகுதியில் உள்ள டல்பஹாக்கன் பக்கம் வந்தபோது, அங்கே குடியேறியிருந்த ஜெர்மானியத் தலைவர் கான்ராட் வைசர் விவசாயிகளைத் திரட்டினார். பாட்டனார் உண்மையிலேயே துப்பாக்கி தூக்கியிருந்தால் அங்கேதான் தேட வேண்டுமாம். அந்தப் பக்கமே நம் ஆராய்ச்சியாளர் போகவில்லை.

ஆதாரமாக இணைத்திருந்த பெயர்ப்பட்டியலோ 1780-ஐச் சேர்ந்தது. 1777-இல் வந்த கட்டாய மிலிஷியாச் சட்டம் 18 முதல் 53 வயது வரை உள்ள ஆண்களுக்கு. 1738-இல் கையெழுத்துப் போட்டவருக்கு 1780-இல் குறைந்தது 58 வயது! அது வேறு யாரோ ஒரு ஷ்னைடர். ஜெர்மானியர் நடுவில் ஷ்னைடர் என்பது நம்மூர் முருகன் மாதிரி, அதிலும் பல வீடுகளில் ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் யோஹான் என்று சேர்ப்பார்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். முதலில் “ஆராய்ச்சியாளர் விடுமுறையில் இருக்கிறார்”. பிறகு “பழைய ஆவணங்களில் கருத்து வேறுபாடு சகஜம்”. கருத்து வேறுபாடா? கழித்தல் கணக்கு அது! இணையதளத்தில் புகார் செய்தால், “நீங்கள் கட்டியது முடிவுக்கு அல்ல, ஆராய்ச்சி நேரத்துக்கு” என்கிறார்கள். கடைசியில் ஆறுதலாக ஒரு கூப்பன்: குலச்சின்னம் பொறித்த கோப்பைக்கு 20 சதவீதத் தள்ளுபடி. 1,450 டாலருக்கு!

எப்படித் தேடுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள், கட்டினால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பென்சில்வேனியா ஆர்க்கைவ்ஸ் என்று அச்சான தொகுதிகளில் மிலிஷியாப் பட்டியல்கள் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். லூத்தரன், ரிஃபார்ம்டு என்ற புராட்டஸ்டன்ட் சபைகளின் தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானத்துக்கு நின்ற ஞானப்பெற்றோர் பெயரையும் பாருங்கள், சொந்தபந்தம் அதில்தான் தெரியும். குலச்சின்னம் என்று எவராவது ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள்.